இரண்டாவது கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு பைபாஸ் பைப் போடலாமா?

ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2010 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் எஸ். கொஞ்ச நாளாக ஸ்டார்ட் செய்ததும் அடியில் சலசலவென்று சத்தம் வருகிறது, ஆர்பிஎம் ஏறினால் வண்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை. மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு. புதுசு போட்டா லட்சக்கணக்குல ஆகும். எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் பைபாஸ் பைப் போட்டுடலாம்" என்றிருக்கிறார். இன்ஜின் புகையின் நச்சைக் குறைக்கிற பாகம்தான் கன்வெர்ட்டர். பைபாஸ் பைப் என்பது அதன் இடத்தில் போடும் வெறும் குழாய். செக் இன்ஜின் லைட் எரியாது, 15 குதிரைத்திறன் கூடும், சத்தம் அம்சமாக இருக்கும், புகைச் சான்றும் கிடைத்துவிடும் என்பது அவர் கொடுத்த உறுதி. போடலாமா அண்ணா என்று கேட்கிறார்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம் தம்பி. லைட், புகைச் சான்று விஷயத்தில் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. லைட் எரியாமல் இருக்கலாம், புகைச் சான்றும் கிடைக்கலாம். ஆனால் அந்த இரண்டும் சரியாக இருந்தால் வண்டியும் சரியாக இருக்கிறது என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. இரண்டாவது கன்வெர்ட்டரை காரின் கம்ப்யூட்டரும் பார்ப்பதில்லை, சோதனை மையமும் பார்ப்பதில்லை. அது செய்கிற வேலையை யாரும் அளக்காததால் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. இதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. உங்கள் இரண்டாவது கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருந்தால், அதை அடைத்தது முதல் கன்வெர்ட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பைபாஸ் பைப் போடுவது நோயை மறைக்கிற வேலை.

இந்தக் காரில் இன்ஜின் உங்கள் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். பக்கத்துக்கு ஒரு மேனிஃபோல்ட், அதாவது மூன்று சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் குழாய். அதை ஒட்டினாற்போல் முதல் கன்வெர்ட்டர், கொஞ்சம் தள்ளி இரண்டாவது, அப்புறம் பின்னால் சைலன்சர். நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம் இந்த அமைப்பு மாறும். அதனால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, எந்தக் குழாயில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் ஆக்சிஜன் சென்சார் செருகியிருக்கிறது என்று முதலில் நீங்களே கண்ணால் பாருங்கள்.

கன்வெர்ட்டருக்குள் இருப்பது பீங்கான் கட்டி. அதில் நெடுக மெல்லிய சதுர ஓட்டைகள், பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 400. ஓட்டைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் இங்கே ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் உடைந்து வெறும் நைட்ரஜனாகின்றன. இந்த வேலை தொடங்க 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில்தான் கார் அதிகம் நச்சு விடுகிறது. அதனால்தான் ஒரு கன்வெர்ட்டரை மேனிஃபோல்டின் வாயிலேயே வைக்கிறார்கள், அது சீக்கிரம் சூடேறும். ஆனால் அங்கே இடம் குறைவு, பெரிதாக வைக்க முடியாது. நிதானமாக ஓட்டும்போது அது ஒன்றே போதும். ஆக்சிலேட்டரை அழுத்தி 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும்போது புகையின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. அது தவறவிடுவதைப் பிடிக்கத்தான் இரண்டாவது. வண்டிக்கு வயதாகி முதல் கன்வெர்ட்டர் சோர்ந்த பிறகு இரண்டாவதற்கு வேலை இன்னும் கூடுகிறது. உங்கள் வண்டிக்கு இப்போது அந்த வயது.

லைட் ஏன் எரியாது? கன்வெர்ட்டரின் பூச்சில் சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. நம் வீட்டு நெல் குதிர் மாதிரி, ஆக்சிஜன் மிஞ்சும்போது வாங்கி வைத்துக்கொண்டு, பற்றாக்குறை வரும்போது எடுத்துக் கொடுக்கும். இன்ஜின் கம்ப்யூட்டர் காற்றையும் பெட்ரோலையும் 14.7க்கு 1 என்ற எடை விகிதத்தைச் சுற்றி கொஞ்சம் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார் அந்த ஆட்டத்தை அப்படியே காட்டும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் இருக்கும் சென்சார் ஆடாமல் நிலையாக நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சார் போலவே ஆடத் தொடங்கினால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து பி0420 அல்லது பி0430 என்ற கோடைப் பதிந்து விளக்கைப் போடுகிறது. முதலாவது ஒரு பக்க சிலிண்டர்களுக்கு, அடுத்தது மறுபக்கத்துக்கு. இதுபோன்ற கார்களில் அந்தப் பின் சென்சார் இருப்பது முதல் கன்வெர்ட்டருக்கும் இரண்டாவதற்கும் நடுவில். அதாவது கம்ப்யூட்டரின் கண் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கன்வெர்ட்டர் இருக்கிறதா, வெறும் குழாய் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

புகைச் சான்றின் கதையும் அதேதான். பிஎஸ்-4 பெட்ரோல் காரை ஐட்லிங்கில் வைத்துக் குழாயைச் செருகி, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் வைத்து கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் இருக்கிறதா, லேம்ப்டா, அதாவது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்கின்றனவா என்று காட்டும் எண், 1க்கு 0.03 இப்படி அப்படிக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். நின்ற இடத்தில், சுமை இல்லாமல், சூடான இன்ஜினில் முதல் கன்வெர்ட்டர் மட்டுமே இதைத் தாண்டிவிடும். நைட்ரஜன் ஆக்சைடு இந்தச் சோதனையில் கணக்கிலேயே இல்லை. அது அதிகம் உருவாவது இன்ஜின் சுமை இழுக்கும்போது, அதாவது நீங்கள் இந்தக் காரை வாங்கிய காரணத்துக்காக ஓட்டும்போது. சான்றிதழ் கையில் இருக்கும், பள்ளிகொண்டா டோலைத் தாண்டி மிதிக்கும்போது பின்னால் போவது யாருக்கும் தெரியாது.

சரி, இப்போது அந்தச் சலசல சத்தத்துக்கு வருவோம். கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, எதற்கும் பெரிய செலவு இல்லை.

காலையில் வண்டி ஆறியிருக்கும்போது லிஃப்டில் ஏற்றி, ரப்பர் சுத்தியலால் முதலில் ஹீட் ஷீல்டுகளைத் தட்டுங்கள். கன்வெர்ட்டரையும் குழாயையும் மூடியிருக்கும் மெல்லிய தகடு அது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அதன் ஸ்பாட் வெல்டு விட்டுப்போவது சர்வ சாதாரணம். ஸ்டார்ட் செய்ததும் சலசலத்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் கூடி, சூடேறியதும் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டும்போது சத்தம் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் பல வருஷம் தாங்கும். இதற்காகக் கன்வெர்ட்டரையே கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தகடு இறுக்கமாக இருந்தும் உள்ளேயிருந்து கல் உருள்கிற சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. எந்தக் கன்வெர்ட்டரில் என்று தெரிய நடு சென்சாரைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக, போனில் செருகும் போர்ஸ்கோப் கேமராவை விட்டால் ஒரு பக்கம் முதல் கன்வெர்ட்டரின் பின்முகமும் மறுபக்கம் இரண்டாவதன் முன்முகமும் தெரியும். நல்ல பீங்கான் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், ஓட்டைகள் வரிசை கலையாமல் இருக்கும். உருகியது கண்ணாடி மாதிரி பளபளத்து, ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் குடித்தது வெள்ளையும் சாம்பலுமாகப் படலம் படிந்திருக்கும். இரண்டாவதன் முன்முகத்தில் சின்னச் சின்னப் பீங்கான் துண்டுகள் செருகி நின்றால், அவை அதனுடையவை அல்ல. முன்னாலிருந்து பறந்து வந்தவை.

அடைப்பை உறுதிசெய்ய எக்ஸாஸ்ட் அழுத்தம் பார்க்கும் கேஜ் வேண்டும். ஆக்சிஜன் சென்சார் ஓட்டையின் மரை 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். அதற்குப் பொருந்தும் அடாப்டரோடு கேஜ் கிடைக்கிறது. ஐட்லிங்கில் சுமார் 1.25 பிஎஸ்ஐக்குள்ளும், 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் வழக்கமான அளவு. முன் ஓட்டையில் அழுத்தம் அதிகமாகவும் நடு ஓட்டையில் குறைவாகவும் இருந்தால் அடைத்திருப்பது முதல் கன்வெர்ட்டர். இரண்டிலும் அதிகம் என்றால் அடைப்பு அதற்குப் பின்னால், இரண்டாவதிலோ சைலன்சரிலோ. இந்தக் காரில் ஒரு வசதி, இடது வலது என்று இரண்டு பக்கம் இருப்பதால் நன்றாக இருக்கும் பக்கமே உங்களுக்கு அளவுகோல். இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள்.

லேசர் தெர்மாமீட்டரைக் காட்டி முன்னால் இத்தனை டிகிரி, பின்னால் இத்தனை டிகிரி, அதனால் கன்வெர்ட்டர் அவுட் என்று சொன்னால் இரண்டாவது கன்வெர்ட்டர் விஷயத்தில் ஏற்காதீர்கள். வேலை செய்யும் கன்வெர்ட்டரில் வெளிமுனை உள்முனையைவிடச் சூடாக இருக்கும் என்பது முதல் கன்வெர்ட்டருக்குப் பொருந்தும். முதலாவது நன்றாக வேலை செய்தால் இரண்டாவதில் எரிக்க அதிகம் மிஞ்சாது, அதனால் சூட்டு வித்தியாசமும் தெரியாது. நன்றாக இருக்கும் பாகத்தையே கெட்டது என்று காட்டிவிடும் சோதனை இது.

உடைந்ததும் அடைத்ததும் உறுதியானால், ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை புதுக் கன்வெர்ட்டரும் போடக் கூடாது, பைபாஸும் போடக் கூடாது. இந்த இன்ஜினில் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்கள் சிலிண்டர் தலையில், கீழ்ப்பக்கமாக, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. கத்திரி வெயில் காலத்தில் ரோட்டுச் சூடு, எக்ஸாஸ்ட் சூடு, அப்புறம் திடீர் மழைத் தண்ணீர். காயிலின் பிளாஸ்டிக் கீறல் விட்டு மிஸ்ஃபயர் ஆகும், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் போகும். எரியாத பெட்ரோல் நேராக முதல் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும், பீங்கான் உருகும். ஸ்கேனரில் பி0300 முதல் பி0306 வரை பழைய கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்று சொல்லும், 0 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை.

அடுத்து ஏர் ஆயில் செப்பரேட்டர், இன்ஜினுக்குள் இருக்கும் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம். பாக்ஸ்டரில் பேர்போன பலவீனம். அதன் டயஃப்ரம் கிழிந்தால் இன்ஜின் ஆயிலை உறிஞ்சி இன்டேக்கில் விடும். ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைகிற மாதிரி வெள்ளைப் புகை வந்தால் சந்தேகமே வேண்டாம். சின்னக் கிழிசலாக இருந்தால் புகை அவ்வளவாகத் தெரியாது, ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் பூச்சை மூடிவிடும். அந்த நஞ்சு ஏறினால் திரும்பி வராது. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள் என்ற கணக்கு உங்களிடம் இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

பெட்ரோலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்போது பங்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டு ஈடுகட்டும். அந்த ஈடுகட்டலைக் காட்டும் எண்தான் ஸ்கேனரில் வரும் லாங் டேர்ம் ஃப்யூயல் டிரிம். அது ஏறியிருப்பது எத்தனாலாலும் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்தே சென்சார் போச்சு, கன்வெர்ட்டர் போச்சு என்று பாகங்களை மாற்றத் தொடங்கினால் பணத்துக்கு முடிவே இருக்காது.

இப்போது முதல் கன்வெர்ட்டர்தான் உடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டாவதை எடுத்துவிட்டுக் குழாய் போட்டால் வண்டிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும், அடைப்பு போய்விட்டதே. ஆனால் முன்னால் பீங்கான் தொடர்ந்து உதிரும். இனி அந்தத் துண்டுகள் சைலன்சருக்குள் போய்ச் சேரும். சில மாதத்தில் அதே இழுவைக் குறைவு திரும்பி வரும், அப்போது சைலன்சரையும் மாற்ற வேண்டும். இதற்குள் காயிலோ செப்பரேட்டரோ செய்கிற கெடுதல் இன்ஜினுக்கும் போயிருக்கும்.

அந்த 15 குதிரைத்திறன் எனக்கு நம்பிக்கை தரவில்லை. உங்கள் 3.4 லிட்டர் இன்ஜின் 310 குதிரைத்திறன். டர்போ இல்லாத வண்டி, கம்ப்யூட்டர் டியூனிங்கும் மாற்றவில்லை, முதல் கன்வெர்ட்டர்கள் அப்படியே இருக்கின்றன. அவையும் சைலன்சரும்தான் வழியில் பெரிய தடைகள். நல்ல நிலையில் இருக்கும் இரண்டாவதை எடுப்பதால் கிடைப்பது ரெட்லைனுக்கு, அதாவது ஆர்பிஎம்மின் உச்ச வரம்புக்கு, பக்கத்தில் ஒற்றை இலக்கத்தில் ஏதோ கொஞ்சம். குதிரைத்திறனை அளக்கும் டைனோ மெஷினில் ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் வரும், 310ல் அது மூன்று முதல் ஆறு குதிரைத்திறன். அடைத்துக் கிடந்ததை எடுத்துவிட்டு ஒப்பிட்டால் 15 என்ன, அதற்கு மேலேயும் காட்டும். அது பைப் தந்த லாபம் இல்லை, தொலைந்திருந்தது திரும்பி வந்தது. நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அது வந்திருக்கும்.

வேலூர் வெயிலையும் இதோடு வைத்துப் பாருங்கள். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இன்ஜினுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. காற்று சூடாக இருப்பதால் கம்ப்யூட்டர் பிளக் தீப்பொறியின் டைமிங்கையும் பின்னால் இழுத்துக்கொள்ளும். மே மாதத்து மதியத்தில் வண்டி மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால், எக்ஸாஸ்ட்டைத் தொடுவதற்கு முன் அதே ரோட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டிப் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு வேண்டியது வளைவிலிருந்து வெளியே இழுக்கும் நடு ஆர்பிஎம் இழுவை. பைபாஸ் பைப் ஏதாவது தருகிறதென்றால் அது உச்சி ஆர்பிஎம்மில், மலையில் நீங்கள் தொடாத இடத்தில்.

பைபாஸுக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கன்வெர்ட்டர் சூட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்திய பிறகும் அடியில் அனல் அடித்துக்கொண்டே இருக்கும். அதை எடுத்தால் அந்தச் சூடு கொஞ்சம் குறையும், எடையும் சில கிலோ குறையும். ரேஸ் ஓட்டுகிறவருக்கு இரண்டும் பெறுமானம் உள்ளவை.

சத்தத்தைப் பொறுத்தவரை, கன்வெர்ட்டர் தன் வேலைக்கு மேலே இன்னொரு வேலையும் செய்கிறது. கிறீச்சென்ற உயர் ஒலியை அதன் ஓட்டைகள் விழுங்கிக்கொள்கின்றன. எடுத்துவிட்டால் பிளாட் சிக்ஸ் இன்ஜினின் கனத்த சத்தத்தோடு தகரம் கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பும் கலக்கும். இந்தக் காரில் இன்ஜின் உங்கள் காதுக்குப் பின்னால் இருப்பதால் சீரான வேகத்தில் போகும்போது ஒரே சுருதியில் ரீங்காரம் அடிக்கும். பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில் அது சுகமாகத்தான் இருக்கும். ஆம்பூரிலிருந்து கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர்வரை ஒரே வேகத்தில் போகும்போது தலைவலி வரும்.

வேலூருக்குள் வரும்போது இன்னொன்றும் இருக்கிறது. ஐடா ஸ்கடர் சாலையில் சிஎம்சிக்கு முன்னால் நாள் முழுக்க நாடெங்குமிருந்து வந்த நோயாளிகள் நிற்கிறார்கள். ஒலி மாசு விதிகள் 2000ன்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் என்பது அங்கே வரம்பு. ஆற்காடு ரோட்டு நெரிசலில் இந்தச் சத்தத்தோடு அந்த வாசலைக் கடக்கிற காரை என்னால் ரசிக்க முடியாது.

காற்றுக்கும் அதேதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் நாட்டின் கடுமையாக மாசுபட்ட 43 தொழில் பகுதிகளைப் பட்டியலிட்டபோது வேலூர் வட ஆற்காடு பகுதி 81.79 புள்ளியோடு எட்டாவது இடத்தில் இருந்தது. அதற்குக் காரணம் தோல் கழிவும் ராணிப்பேட்டையின் குரோமியமும், கார் புகை அல்ல என்பது தெரியும். ஆனால் பாலாற்றங்கரையில் இந்தத் தலைமுறை குடிதண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிப்பதே, யாரும் அளக்காத குழாய்களில் கண்டதையும் விட்டதால்தான். அந்த ஊர்க்காரர்கள் நாம். அளக்க ஆள் இல்லை என்பதை நாம் ஒரு காரணமாகச் சொல்லக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தின் 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை, ஒலி வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு தனி, முதல் முறைக்கே 10,000 ரூபாய்வரை அபராதம் வரலாம், மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகலாம். மெக்கானிக்குக்கு இதில் சிக்கல் வருமோ வராதோ, ஆர்சியில் பெயர் இருப்பது உங்களுடையது. 2010 மாடல் என்பதால் 15 வருஷக் கணக்கும் உங்களுக்கு வந்தாயிற்று. ஆர்சியைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டித்தான் ஆக வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க இடமிருக்கிறது. தீப்பிடித்த வழக்கென்றால் முதலில் பார்ப்பதே எக்ஸாஸ்ட்டைத்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்வேன். காயிலும் பிளக்கும் சந்தேகமாக இருந்தால் ஆறையும் சேர்த்தே மாற்றுவேன். இரண்டாவது கன்வெர்ட்டர் மட்டும் உண்மையிலேயே உடைந்திருந்தால், அதன் உறையை வைத்துக்கொண்டு உள்ளே புதிய கன்வெர்ட்டர் கட்டி வைத்து டிக் வெல்டிங் செய்யச் சொல்லலாம். முழு பாகத்தின் விலையோடு பார்த்தால் செலவு நன்றாகக் குறையும். ஆனால் அளவும் பூச்சும் இந்த இன்ஜினுக்குப் பொருந்தும் கட்டியாக இருக்க வேண்டும், சிறிய காருக்கானதை நுழைத்தால் அதுவே அடைப்பாகிவிடும். வாங்கும்போது பில்லும் பூச்சு விவரமும் எழுத்தில் கேளுங்கள். சத்தம்தான் ஆசை என்றால் போர்ஷேவே இந்தக் காருக்குப் பட்டனில் திறந்து மூடும் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் கொடுத்திருக்கிறது. பழைய பாகமாகத் தேடினாலும் அது நல்ல முதலீடு. ஊருக்குள் மூடிக்கொண்டும் ஏலகிரி ஏறும்போது திறந்துகொண்டும் ஓட்டலாம், இரண்டு நிலையிலும் கன்வெர்ட்டர்கள் நான்கும் வேலை செய்யும்.

பைபாஸுக்கு ஓர் இடம் உண்டு, அது டிராக். சென்னை நெடுஞ்சாலையில் உங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது, 3.7 கிலோமீட்டர் டிராக். அங்கே நாள் முழுக்க ஓட்டப்போகிறீர்கள், வண்டியை ஃப்ளாட்பெட்டில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்றால் போல்ட்டில் மாட்டிக் கழற்றும் பைபாஸ் ஜோடி ஒன்று வைத்துக்கொள்ளலாம். வெட்டி வெல்டிங் வைக்கும் வேலைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், திரும்பி வர வழி இருக்காது.

அப்படிச் செய்வதாக இருந்தால் முந்தின நாள் இரவே ஃபிளாஞ்ச் நட்டுகளில் துருவை இளக்கும் ஆயிலை நன்றாக ஊற்றி ஊற விடுங்கள். இத்தனை வருஷச் சூட்டில் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று பிடித்துப்போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரில் பைப்பைச் செருகி நெம்பினால் ஸ்டட் முறியும். முறிந்தது மேனிஃபோல்ட் பக்கம் என்றால் இரண்டு மணி நேர வேலை இரண்டு நாள் ஆகும். கேஸ்கெட், நட்டு, போல்ட் எல்லாம் புதிது போடுங்கள். குழாய் 304 ஸ்டெயின்லெஸ்ஸில் இருக்கட்டும். சென்சாரின் மரையில் மட்டும் காப்பர் பேஸ்ட் தடவுங்கள், முனையில் பட்டால் சென்சார் போய்விடும். கன்வெர்ட்டருக்கு இருந்த ஹீட் ஷீல்டு பைபாஸ் பைப்புக்கு இருக்காது. அதனால் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று, இன்ஜின் ஆடும்போதும் சேர்த்துப் பாருங்கள். எல்லாம் இறுக்கிய பின் ஐட்லிங்கில் விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். நடு சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய், நல்ல கன்வெர்ட்டருக்கே பி0420 வரும்.

கழற்றிய கன்வெர்ட்டர்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். "பழசை நாங்களே வெச்சுக்கறோம், கூலி வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பீங்கானில் இருக்கும் பிளாட்டினமும் ரோடியமும்தான் கூலி. மாற்றும் அன்று நீங்களே பட்டறையில் இருந்து, ஒவ்வொன்றிலும் இடது, வலது என்று மார்க்கரில் எழுதி, சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பாக்ஸ்டருக்கு முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி இருக்கிறது, இரண்டும் அடங்கும்.